பீரோக் கண்ணாடியில் வனத்துச் சின்னப்பர்

ஐம்பதை எட்டிவிட்டவர்களே, உங்களில் பீச்சாங்கைக்காரர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். மற்றவர்களும் போய்விட வேண்டாம். உங்களிடமும் வேறெதையாவது கட்டிப்போட்டிருப்பார்கள், சிரிப்பையோ, நடையையோ, வாயையோ. எனக்குக் கட்டியது இடது கையை. எண்பதுகளின் நடுவில், தாராவியில், ஒரு மே மாதம் கட்டி ஆகஸ்ட் பாதியில் அவிழ்த்தார்கள். இடையில் பெய்த மழை முழுவதையும் ஒரு கிழவரின் எதிரே உட்கார்ந்துதான் கேட்டேன். அவர் ஒரு பழைய காகிதத்தில் முழந்தாளிட்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பம்பாயில் கோலி என்று சொல்லும் ஒற்றை அறை எங்களுக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு மூலையில், பாத்திரம் கழுவவும் குளிக்கவும் முழங்கால் உயரத் தடுப்புக் கட்டிய மோரி. தலைக்கு மேலே படுத்துக்கொள்ளப் பலகைப் பரண், அதற்கும் மேலே தகரம். ஒரு பக்கச் சுவருக்குச் செங்கல் போதவில்லையோ என்னவோ, பலகை அடித்திருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் காயல்பட்டணத்து முஸ்லிம் சாச்சியின் வீடு. சாச்சி அம்மியில் மசாலா அரைத்தால் எங்கள் சுவரில் மாட்டியிருப்பது எல்லாம் ஆடும். மிச்ச இடத்தில் பாதியை ஒரு இரும்பு பீரோ விழுங்கியிருந்தது, கல்யாணத்துக்கு அம்மா வீட்டார் வாங்கிக் கொடுத்தது. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அறையில் நாங்கள் நாலு பேர், கண்ணாடிக்குள் இன்னும் நாலு பேர். மூச்சு விட இடம் இல்லை.

அந்த அறை அத்தையுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அப்பாவைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணமான இரண்டாம் வருடம் புருஷனை இழந்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தனியாக ரயிலேறி வந்து, செம்பூரில் ஒரு கோவாக்கார அம்மாள் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்து, பிறகு தம்பியை வரவழைத்துத் தோல் கார்கானாவில் சேர்த்துவிட்டு, பெண் பார்த்துக் கட்டிவைத்துத் தன் அறையிலேயே குடியும் வைத்தவள். அப்பா அவளிடம் 'சரிக்கா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அம்மாவோ, மைனியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உலையில் அரிசி போடுவாள்.

குற்றம் நடந்தது ஞானோபதேச வகுப்பில். கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஆகஸ்ட் மாதா திருநாளன்று புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்கப்போகிற பிள்ளைகள் இருபது பேர். உபதேசியார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலானாலும் மழையானாலும் கையில் மடக்கிய குடை இருக்கும், அதன் நுனிதான் அவருக்குச் சுட்டுவிரல். முதல் நாளே ஒவ்வொருவராக எழுந்து சிலுவை அடையாளம் போட வேண்டும். என் முறை வந்தது. எழுந்தேன். என் கை தானாக நெற்றிக்குப் போனது. குடை நுனி என் முழங்கையைத் தொட்டது.

"எந்தக் கைளா இது?"

"எங்கைதான்."

கொட்டகை சிரித்தது. நான் குறும்பாகச் சொன்னதாக எல்லோரும் நினைத்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். மற்றது எனக்குக் கையாகவே தெரியவில்லை, சும்மா பக்கத்தில் தொங்குகிற ஒன்று.

அன்று சாயங்காலமே உபதேசியார் எங்கள் வாசலில் நின்றார். "சோத்தாங்கையால சிலுவ போட்டாத்தான் புதுநன்ம. இல்லன்னா அடுத்த வருசம் பாப்போம்," என்றார். அத்தைக்கு முகம் செத்துவிட்டது. சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

"மைனி, பிள்ள வளர வளரத் தானா மாறிரும்," என்றாள் அம்மா மெதுவாக.

"தானா மாறதுக்கு அது என்ன நெலாவா? நாளைக்குப் பந்தியில பீச்சாங்கையால கரண்டியத் தூக்குனான்னு வையி, மாப்ள வீட்டுக்காரன் எலைய மடிச்சிட்டு எந்திரிச்சிருவான். ஒனக்கென்ன, பேச்சு கேக்கப் போறது நாந்தான."

மறுநாள் காலையில் பழைய சேலையைக் கிழித்து என் இடது மணிக்கட்டை இடுப்போடு கட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், கோபமாகக் கட்டவில்லை. சடை பின்னுவது மாதிரி, வாயில் ஏதோ ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள்.

உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அந்த வெள்ளை கவுன், தலையில் வலைத்துணி, பூ முடி, கையில் மெழுகுவர்த்தி, எல்லாம் வேண்டும். என் கையும் வேண்டும். ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். ஒன்பது வயதில் யாரும் யோசிக்கக் கேட்பதில்லை.

சாயங்காலம் வேலை விட்டு வந்த அப்பா என் மணிக்கட்டைப் பார்த்தார். துணி அறுத்துச் சிவந்து கன்றியிருந்தது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நாளைக்கு இது முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால், ஒரு தோல் வார். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டை, இரண்டையும் சேர்க்கப் பித்தளை வளையம். உள்பக்கம் குட்டியாட்டுத் தோல், கன்னத்தில் வைத்தால் கன்னம்தான் சொரசொரப்பாகத் தெரியும். ஓரங்களை மெழுகு தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார். தையல் எண்ணிவைத்தது போல ஒரே அளவு. கொக்கி முள் தோலில் படாதிருக்க அடியில் ஒரு சின்னத் துண்டு. அப்பா கார்கானா சேட்டுக்கு எத்தனையோ பர்ஸ், எத்தனையோ பெல்ட் செய்திருக்கிறார். அவர் செய்ததிலேயே அழகானது எது என்று கேட்டால் அந்த வாரைத்தான் சொல்வேன்.

முதலில் தன் கையில் மாட்டிப் பார்த்தார். அப்புறம் எனக்கு.

"இறுக்குதாம்மா?"

"இல்லப்பா."

"எங்கயாச்சும் அறுக்குதா?"

"இல்லப்பா."

"அப்பச் சரி," என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. வலிக்காமல் கட்டுவது எப்படி என்ற கேள்விக்குத்தான் அவரிடம் விடை இருந்தது. வேறு கேள்வியை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டால் எங்கே போவது? வெளியே தாராவி, உள்ளே அக்கா.

ஜூனில் மழை வந்தது. பள்ளிக்கூடம் காலை நேரம் மட்டும். அங்கே வார் வேண்டாம், டீச்சரிடம் மரஸ்கேல் இருந்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காரச் சொன்னார். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வார். சந்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று அத்தை வெளியே விடவில்லை. வாசலில், கட்டர் என்று சொல்லும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வராதிருக்கக் குறுக்கே பலகை. மேலே தகரத்தில் மழை ஓயாமல் வறுபட்டுக்கொண்டிருக்கும். மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், ஈரத் துணி, அப்பாவின் சட்டையிலிருந்து தோல் வாடை. நான் வலது கையால் சோறு அள்ளுவேன், சிந்தும். வலது கையால் எழுதுவேன், எழுத்துகள் மழையில் நனைந்த கோழிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கும். கடிகாரத்தைப் பார்ப்பேன். கடிகாரமும் வலது பக்கமாகத்தான் சுற்றியது.

அப்போதுதான் அந்தக் கிழவர் வந்தார்.

செம்பூர் அம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாட்டில் மகனிடம் போகிறாள். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். மிக்ஸியை எடுத்திருக்கலாம், நாற்காலியை எடுத்திருக்கலாம். அத்தை சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பஸ்ஸில் சயான் வரை மடியில் வைத்து, அங்கிருந்து தலையில் சுமந்துகொண்டு வந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது, படத்தில் ஒரு சொட்டு இல்லை.

"என்ன மைனி, கறுப்பும் வெள்ளையுமா இருக்கு? சாவு வீட்டுப் படம் மாதிரி," என்றாள் அம்மா.

"போட்டி. வனத்துச் சின்னப்பரு. காக்கா வாயில ரொட்டி கொண்டாருது பாரு, தெரியலியா? வனத்துல தனியாத் தவம் இருந்தவருக்கு யாரு சோறு வடிச்சா? மேம்சாப் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துப் படமாம்."

அப்பா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சாய்த்துப் பார்த்தார், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நல்ல வேலக்கா. ஒரு கோடு தப்பல," என்றார். பிறகு எதற்கோ என்னை ஒருமுறை பார்த்தார். பலகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

அந்தப் படம் இப்போது இல்லை. பிற்பாடு சான்பாடாவுக்குக் குடிபோனபோது டெம்போவில் ஏற்றியதாக அத்தை சொன்னாள், ஏற்றவே இல்லை என்று அம்மா சொன்னாள். ஆனால் கண்ணை மூடினால் அதன் ஒவ்வொரு கோடும் எனக்குத் தெரியும். கோடுகள்தான் அது, வேறொன்றும் கிடையாது. நிழல் மாதிரித் தெரிவதெல்லாம் நெருங்கி ஓடும் கோடுகள். ஒவ்வொரு கோடும் தலைமுடியாகத் தொடங்கும், நடுவில் தடிக்கும், மறுபடி மெலிந்து இல்லாமல் போகும். குகை கோடு, மேகம் கோடு, ஓலை முடைந்த அவருடைய ஆடை கோடு. மேல்மூலையில் மேகம் பிளந்து வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. வெளிச்சத்துக்கு மட்டும் அந்த ஆள் கோடு போடவில்லை, காகிதத்தை அப்படியே விட்டிருந்தான். எங்கள் வீட்டு மாதாவும் அந்தோணியாரும் கலர் படங்கள். ரோஸ் கன்னம், சிவப்பு உதடு, ஒரு கஷ்டமும் தெரியாத முகம். இந்தக் கிழவருக்கு மூச்சு வாங்கியது. விலா எலும்பு தெரிந்தது. வாய் பாதி திறந்திருந்தது. கண் மேலே செருகியிருந்தது. ஒரு கையைத் திறந்த புத்தகத்தின் மேல் ஊன்றி, மறு கையில் ஒரு கல்லை இறுகப் பிடித்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு அடியில் ஒரு வரி எழுத்து. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் இங்கிலீஷ் இல்லை.

சாச்சி பலகைக்கு அந்தப் பக்கம் அரைப்பாள். இந்தப் பக்கம் கிழவர் நடுங்குவார். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். வேறு எதைப் பார்ப்பது?

ஒரு மத்தியானம். அம்மா பரணில் தூங்குகிறாள். அத்தை புதிதாகச் சேர்ந்த வீட்டு வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. எனக்கு அவரைப் போல உட்கார வேண்டும் என்று ஆசை வந்தது. எதிரே நின்று செய்தால் சரியாக வரவில்லை. அதனால் திரும்பி, சுவருக்கு முதுகைக் கொடுத்து, படத்துக்குக் கீழே, அவர் பார்த்த பக்கமே பார்த்து ஒரு முழந்தாளைத் தரையில் வைத்தேன். அவர் எந்த முழந்தாள், அதே முழந்தாள். புத்தகத்தின் மேல் ஊன்றிய கையை ஊன்றினேன். மார்பில் அடிக்கிற கையைத் தூக்கினேன்.

வளையம் சுண்டி இழுத்தது. கை வரவில்லை.

தூக்க வேண்டிய கை, கட்டியிருந்த கை.

எழுந்து திரும்பிப் பார்த்தேன். மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். மூன்று தடவை. மூன்று தடவையும் வளையம் இழுத்தது. எதிரே நின்று கும்பிடுகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்களுடைய வலப்பக்கத்தில் இருக்கிற கை அவர்களுக்கு வலது கைதான். அவருடைய இடத்தில் போய் உட்கார்ந்தவள் நான் ஒருத்தி. வனத்துச் சின்னப்பர் பீச்சாங்கைக்காரர். வானத்தைப் பார்த்து, பீச்சாங்கையால் மார்பில் அடித்துக்கொண்டு ஜெபிக்கிறார், மேகம் பிளக்கிறது, காக்கா ரொட்டி கொண்டுவருகிறது, யாரும் குடையால் தட்டவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாலைந்து வாரம் போல ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் வரவில்லை. அத்தை தினமும் அவர் முன்னால் நின்று என் கைக்காக ஜெபிப்பாள், "சின்னப்பரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியக் குடும்." நான் கிழவரைப் பார்ப்பேன். கண்டுகொள்ளாமல் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஜெபத்தில் மார்பில் தட்டிக்கொள்ளும் இடம் வந்தால், வலது கை எல்லோரும் பார்க்கத் தட்டும். இடது கை, வாருக்குள், இடுப்பில் யாருக்கும் தெரியாமல் மூன்று தடவை தட்டிக்கொள்ளும். அதுதான் கணக்கு, மற்றது நடிப்பு.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உபதேசியார் ஜெபமாலைக்கு வீட்டுக்கு வந்தார். அப்பாவும் இருந்தார். சாச்சி வாசல் பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு கையில் குடையும் மறு கையில் எங்களிடம் இரவல் வாங்கிய அரிவாள்மணையுமாக நின்றாள். ஜெபம் என்பதால் அத்தை என் வாரைக் கழற்றியிருந்தாள்.

"எங்க, பிள்ள தேறிட்டாளா பாப்போம். சிலுவ போடு," என்றார் உபதேசியார்.

தேறித்தான் இருந்தேன். வலது கை அப்போதே ஓரளவு பழகிவிட்டது. ஆனால் கிழவர் எதிரே இருந்தார், கை அவிழ்ந்து இருந்தது. இடது கையைத் தூக்கி, நிதானமாக, நெற்றி, மார்பு, தோள், தோள் என்று போட்டேன்.

அத்தையின் அடி என் முதுகில் விழுந்தது. "எம் மானத்த வாங்கதுக்குன்னே பொறந்தியா?"

"அவரு பண்ணலாம், நான் பண்ணக் கூடாதா?" என்று கத்தினேன்.

"எவருளா?"

"சின்னப்பரு! அவருக்கும் பீச்சாங்கைதான். திரும்பி உக்காந்து பாருங்க!"

உபதேசியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்கு அருகே போனார். குடையைச் சுவரில் சாய்த்தார். பிறகு, அந்தப் பெரிய மனுஷர், எங்கள் அறையின் நடுவில் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, ஒரு கையை நீட்டி மறு கையை மடக்கிப் பார்த்தார். சாச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது புனிதரே இல்ல," என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது. "எவனோ புனிதரக் கும்பிடாத பிரிவினைச் சபைக்காரன் கேலிக்குப் போட்ட படம். பீச்சாங்கையால எந்தப் புனிதர்மா ஜெபம் பண்ணுவாரு? இத எறக்கிருங்க. வீட்டுல வச்சிக் கும்பிட்டா பாவம்."

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். "நனையாமக் கொண்டாந்தனே... ஒவ்வொரு நாளும் நின்னு கும்பிட்டனே... பேயையா கும்பிட்டேன்?"

அப்பா படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்த மூன்று பார்வைக்கும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், நாலு நொடியா? இத்தனை வருடமாக நான் அந்த நாலு நொடிக்குள் போய் வந்துகொண்டிருக்கிறேன். பிறகு, "இருங்க, வாரேன்," என்று பலகையைத் தாண்டி மழைக்குள் இறங்கினார்.

கார்கானா மூன்று சந்து தள்ளி. சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவர் கையில் ஒரு பித்தளை அச்சும் ஒரு தோல் துண்டும். பர்ஸில் ஹோட்டல் பேர் அமுக்குகிற அச்சு. அதை உபதேசியாரிடம் நீட்டினார். அச்சில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி இருந்தது. தோலில் விழுந்தது நேராக இருந்தது.

"அச்சுல வெட்டுனா, அமுக்கும்போது எடம் வலமாயிரும்யா. இது செம்புத் தகட்டுல கீறி எடுத்த படம். கீறுனவன் சாமியச் சோத்தாங்கையாத்தான் கீறிருக்கான். தாள்ல அமுக்குனதும் மாறிட்டு."

"அப்ப எழுத்து மட்டும் எப்படி நேரா இருக்கு?" உபதேசியார் லேசுப்பட்டவர் இல்லை.

"எழுத்த வாசிக்கணும்லா. அதனால அத மட்டும் மாத்திக் கீறிருக்கான். படந்தான, யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டான்." படத்தை ஆணியிலிருந்து எடுத்து பீரோக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். "இங்கன பாருங்க."

கண்ணாடியில் வனத்துச் சின்னப்பர் வலது கையால் மார்பில் அடித்துக்கொண்டிருந்தார்.

"அட, ஆமா," என்றார் உபதேசியார். "ஆமா. இப்பத்தான் சரி." அத்தை எழுந்து வந்து கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்பாவுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும். தினமும் அச்சு பிடிக்கிற கண்ணுக்குத் தப்புமா? தெரிந்தேதான் அத்தனை வாரம் சும்மா இருந்திருக்கிறார். என்னிடம் ஒரு கூட்டாளி இருக்கட்டும் என்று விட்டிருந்தாரோ என்னவோ. அன்று அந்த அறையில் அக்காவின் புனிதர், மகளின் புனிதர் என்று இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சரி என்றும் வரவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நான் போய்க் கண்ணாடி முன்னால், கிழவருக்குப் பக்கத்தில் நின்றேன். இடது கையைத் தூக்கி நெற்றியில் வைத்தேன். கண்ணாடிக்குள் இருந்த சின்னப் பெண் வலது கையை நெற்றியில் வைத்தாள்.

"அப்ப என்னையும் கண்ணாடியிலயே பாருங்க," என்றேன். "நானும் சரிதான?"

உபதேசியார் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் காயாமலே அத்தையும் சிரித்தாள். "யக்கா, இவள வக்கீலுக்குப் படிக்க வைங்க, ஒரு பயலும் தப்ப மாட்டான்," என்றாள் சாச்சி. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மோரிப் பக்கம் திரும்பினாள். அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார். உபதேசியார் போனதும் வாரை எடுத்து அவரே மாட்டிவிட்டார். கை கொஞ்சம் வளர்ந்திருந்ததால் ஒரு ஓட்டை தள்ளி.

அதன்பிறகு படம் பீரோவுக்கு எதிர்ச் சுவருக்குப் போனது. அத்தை படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் சின்னப்பரைத்தான் கும்பிட்டாள். நேராகப் பார்த்தால் பலிக்காதாம். "என்னக்கா, வெறுஞ் செவரக் கும்பிடுதியன்னு எங்களத்தான் சொல்லுவிய, இப்ப நீங்க பீரோவக் கும்பிடுதிய?" என்று சாச்சி கேட்டதற்கு, "பீரோவுக்குள்ளயும் சாமி உண்டு, ஓஞ் சோலியப் பாரு," என்றாள். எனக்கான இடம் இரண்டுக்கும் நடுவே. முன்னால் ஒரு சின்னப்பர், பின்னால் ஒரு சின்னப்பர். கண்ணாடியில் இருந்தவர் அவர்களுடைய ஆள். முதுகுப் பக்கம் இருந்தவர் என் ஆளாக இருந்தவர். அவரும் வெறும் அச்சுப் பிழை என்று தெரிந்த பிறகு திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை. இடுப்பில் ரகசியமாகத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் ஒருநாள் தட்ட மறந்தன. மறந்ததை மறுநாள்தான் கவனித்தேன். அதற்கும் மறுநாள் கவனிக்கவில்லை.

வலது கை கற்றுக்கொண்டது. சோறு சிந்தவில்லை. எழுத்துகள் வரிசையில் நின்றன. ஆகஸ்ட் முதல் ஞாயிறு உபதேசியார் குடை நுனியால் என் தலையைத் தொட்டு, "தேறிட்டா," என்றார். திருநாளன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. வெள்ளை கவுன், வலைத்துணி, பூ முடி, மெழுகுவர்த்தி, எல்லாம் கிடைத்தது. பீடத்தின் முன்னால் வலது கையால் சிலுவை போட்டு, நாக்கை நீட்டி அப்பத்தை வாங்கினேன். அத்தை தேம்பியது எனக்குக் கேட்டது.

சாயங்காலம் வீட்டில் ஆட்கள். சாச்சி ஒரு தட்டு நிறையத் தொதல் அல்வா கொண்டுவந்திருந்தாள். கோயிலிலிருந்து வந்து கவுனை மாற்றியதும் பழக்க தோஷத்தில் அத்தை வாரை மாட்டிவிட்டிருந்தாள். நானும் பழக்க தோஷத்தில் கையை நீட்டியிருந்தேன். அப்பா எல்லோர் முன்னாலும் என் எதிரே குந்தி உட்கார்ந்து, மணிக்கட்டுக் கொக்கியையும் இடுப்புக் கொக்கியையும் கழற்றினார்.

"இனிமே வேண்டாம்க்கா. அதான் தேறிட்டால்லா," என்றார். அத்தை தலையாட்டினாள்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை பர்ஸை எடுத்தார். எனக்காகச் செய்தது. உள்ளங்கை அளவு, ஓரத்தில் வெள்ளி நூல். நீட்டினார். நான் வலது கையை நீட்டினேன்.

"இல்லம்மா," என்றார் மெதுவாக. பர்ஸை என் இடது பக்கமாகக் கொண்டுபோனார். "இந்தக் கையால வாங்கிக்க. அப்பாட்டதான, பரவால்ல."

பெரியவர்கள் தருவதைப் பீச்சாங்கையால் வாங்கு என்று ஒரு தகப்பன் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. நான் வாங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். நினைத்தது கைக்குப் போய்ச் சேரவில்லை. கை இடுப்பை ஒட்டி, வார் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். விட்டதும் அது பழைய இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி தூக்கி, விரல்களைப் பிரித்து, பர்ஸை வைத்து, விரல்களை மடக்கிவிட்டுக் கையை எடுத்தார். பர்ஸ் நழுவித் தரையில் விழுந்தது.

"பாத்தியாலே தம்பி, எவ்வளவு நல்லாப் படிஞ்சிட்டுன்னு," என்றாள் அத்தை சந்தோஷமாக.

மூன்றாவது முறை அப்பா என் கையைத் தூக்கவில்லை. கீழே கிடந்த பர்ஸை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, முன்னும் பின்னும் திருப்பி, தையலை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் நெருடிப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிழை அதில்தான் எங்கோ இருக்கிறது என்பதுபோல.